மிஸ், கேக்கலீங்க

ராஜமேரி மடத்தை விட்டு வெளியே வந்தபோது அவளுக்கு முப்பத்தாறு வயது. உள்ளே போகும்போது பத்தொன்பது. இடைப்பட்ட பதினேழு வருஷமும் வெள்ளை அங்கிக்குள் இருந்தவள், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கூட இருந்த சிஸ்டர் ஒருத்தி வாங்கி வந்து கொடுத்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு சேலம் பஸ் ஸ்டாண்டில் நின்றாள். கொசுவம் வைத்துப் பழக்கம் விட்டுப் போயிருந்தது. நாலு எட்டு நடந்தால் கரையில் கால் இடறியது. அதைவிடத் தலைதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. முக்காடு இல்லாத தலையில் காற்றுப் படப் பட, ஊரே தன்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. உண்மையில் ஒருத்தரும் பார்க்கவில்லை.

அவளை யாரும் துரத்தவில்லை. அவளும் யாரோடும் சண்டை போட்டுக்கொண்டு வரவில்லை. சபைதான் அவளை பி.எஸ்சி. கணிதம் படிக்க வைத்தது. படித்து முடித்ததும் விடுதிப் பொறுப்பைக் கொடுத்தது. எழுபது பெண் பிள்ளைகளுக்குச் சோறு, துணி, காய்ச்சல் மாத்திரை என்று அவள் காலம் ஓடியது. சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை மட்டும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பாள். சாகும்வரை துறவியாகவே இருப்பேன் என்று நித்திய வார்த்தைப்பாடு கொடுத்து நாலைந்து வருஷம் ஆன பிறகு ஒருநாள் கோவிலில் முழங்காலில் இருக்கும்போது அவளுக்கு ஒன்று தெரிந்தது. காலையில் எழுந்ததிலிருந்து தான் எதிர்பார்த்துக் காத்திருப்பது இந்த செபத்தை அல்ல, சாயங்காலம் வரப்போகிற அந்த ஒரு மணி நேரத்தைத்தான். அதற்கப்புறம் இரண்டு வருஷம் தன்னோடு போராடிப் பார்த்தாள். முடியவில்லை. மடத்துத் தலைவியான மதரிடம் போய்ச் சொன்னாள். மதர் கோபப்படவில்லை.

"டீச்சர் ட்ரெய்னிங் வேணும்னா நாங்களே அனுப்பறோமே, சிஸ்டர்?"

"அது மட்டும் இல்ல மதர். வாய் சொல்லுது, மனசு சொல்லல. கடவுள ஏமாத்துற மாதிரி இருக்கு."

அனுமதிக் கடிதம் வர எட்டு மாதம் ஆயிற்று.

அரூரிலிருந்து உள்ளே போகிற கல்லாத்துப்பட்டிதான் அவளுடைய ஊர். பாதி ஊர் வேதக்காரர்கள், பாதி ஊர் இந்துக்கள், எல்லோருக்கும் மரவள்ளியும் மஞ்சளும்தான் பாடு. அம்மா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா சவுரியப்பனை ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. "சிஸ்டர் அப்பா" என்றுதான் கூப்பிடுவார்கள். தேர்த் திருவிழாவில் அவருக்கு ஒரு துண்டு போடுவார்கள். பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்தால் முதலில் அவர் கையைத்தான் பிடிப்பார். பச்சைச் சேலையோடு மகள் வாசலில் வந்து நின்றபோது அவர் ஏறிட்டுப் பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "மரவள்ளிக்குத் தண்ணி கட்டணும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். முந்தின நாள்தான் நல்ல மழை பெய்திருந்தது.

நாலு நாள் அவர் சாப்பாட்டுக்கும் வீட்டுக்குள் வரவில்லை. தம்பி அந்தோணி பிரகாஷ் கொல்லையில்தான் கொண்டுபோய்க் கொடுத்தான். ஐந்தாம் நாள் காலையில் அவன் அக்காவின் எதிரில் வந்து உட்கார்ந்தான். கண்ணைப் பார்க்காமல் பேசினான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காத. ஊர்ல ஆளுக்கொரு கத கட்டறானுங்க. ஷைனி தங்கச்சிக்கு வேற மாப்ள பாத்துகிட்டிருக்காங்க."

ஷைனி அவன் மனைவி. அடுப்படியில் பாத்திரம் உருட்டுகிற சத்தம் அந்தச் சமயம் நின்றது.

"நான் என்ன பண்ணனும்ங்கற, பிரகாசு?"

"நீதான் டீச்சருக்குப் படிக்கணும்னு சொன்னியே. தர்மபுரியில ஒரு ரூம் பாத்துக்க. நான் வந்து சாமான எறக்கிக் குடுத்துட்டு வர்றேன்."

சொன்னபடி வந்தான். ஒரு ஸ்டவ், ஒரு பாய், இரண்டு குண்டான், ஒரு பிளாஸ்டிக் வாளி ஆகியவற்றை மாடிப்படியில் தூக்கிக்கொண்டு போய் வைத்தான். "ஜாக்கிரதையா இருக்கா" என்றான். போய்விட்டான். அதற்குப் பிறகு போனில் பேசினான், நேரில் வரவில்லை.

தனிப்பெண்ணுக்கு அறை கிடைப்பது தர்மபுரியிலும் சுலபமில்லை. ஏழு வீடுகளில் "வூட்டுக்காரரு எங்கம்மா?" என்ற கேள்வியோடு கதவு சாத்திக்கொண்டது. எட்டாவது வீட்டுக்காரி ராஜாமணி. கணவன் இறந்து போய், மகன்கள் இருவரும் ஓசூரில் வேலையில் இருக்க, கீழ்வீட்டில் ஒரு எருமையோடு இருந்தவள். அவளும் அதே கேள்வியைத்தான் கேட்டாள். ராஜமேரி மறைக்காமல் சொன்னாள்.

"கல்யாணம் ஆகலீங்க. கன்னியாஸ்திரியா இருந்தேன். இப்ப வெளிய வந்துட்டேன்."

"அதுல இருந்தெல்லாம் வெளிய வரலாமா?" ராஜாமணிக்கு ஆச்சரியம். ரொம்ப நேரம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "சரி, இரு. ஆனா சொல்லிட்டேன், ஆம்பளைங்க யாரும் வரக் கூடாது. பொம்பளைங்களும் சும்மா சும்மா வரக் கூடாது."

"யாரும் வர மாட்டாங்க" என்றாள் ராஜமேரி.

ஊருக்கு வெளியே இருந்த ஒரு தனியார் கல்லூரியில் பி.எட். இடம் கிடைத்தது. பட்டம் வாங்கியதற்கும் விண்ணப்பத்துக்கும் நடுவே இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். "மடத்துல இருந்தேன்" என்றாள். எழுதிக்கொண்டிருந்த கிளார்க், "எந்த மடங்க, சிருங்கேரியா?" என்று பயபக்தியோடு கேட்டார். அன்றைக்கு அவள் கொஞ்சம் சிரித்தாள்.

முதல் நாள் வகுப்புக்குள் அவள் நுழைந்ததும் முப்பத்தொன்பது பேரும் எழுந்து நின்று "குட் மார்னிங் மேம்" என்றார்கள். இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். ஏதோ பேராசிரியர் வந்துவிட்டார் என்று நினைத்துவிட்டார்கள். ராஜமேரி கையால் உட்காரச் சொல்லிவிட்டு, நடுவழியாக நடந்து போய் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அப்புறம் எங்கோ ஒரு மூலையில் தொடங்கிய சிரிப்பு அறை முழுக்கப் பரவியது. அதில் கெட்ட எண்ணம் இல்லைதான். ஆனாலும் அன்று அந்தப் பிள்ளைகளுக்கும் அவளுக்கும் நடுவில் விழுந்த கோடு கடைசி வரை அழியவில்லை. அவர்கள் அவளை "அக்கா" என்றார்கள். நோட்டு கேட்டால் கொடுத்தார்கள். அவள் பக்கத்தில் வந்தால் பேச்சைச் சட்டென்று மாற்றினார்கள்.

வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் தேர்வுத் தேதி, ரெக்கார்டு நோட்டு பற்றிய செய்திகள் வரும். இன்னொரு குழுவும் இருக்கிறது என்று அவளுக்கு ஏழு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு திங்கட்கிழமை காலை பஸ்ஸில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் நிர்மலாவின் ஸ்டேட்டஸ் கண்ணில் பட்டது. ஒகேனக்கல். பரிசலில் பத்துப் பேர், பாறைமேல் பத்துப் பேர், மீன் வறுவல் கடை முன்னால் எல்லோரும். அவள் உட்கார்ந்து எண்ணினாள். முப்பத்தொன்பது பேர்.

நிர்மலா நல்ல பெண். அன்று மதியம் அவளாகவே வந்து சொன்னாள். "அக்கா, நீங்க வந்தா எல்லாரும் ஃப்ரீயா இருக்க முடியாதுன்னு பசங்க சொன்னாங்க. நான் கூப்புடலாம்னுதான் சொன்னேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

"இதுல என்ன இருக்கு. மீனு நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள் ராஜமேரி.

தனிமை அவளுக்குப் புதிது என்று சொல்ல முடியாது. மடத்திலும் மௌன நேரம் உண்டு, வருஷத்துக்கு ஒருமுறை பத்து நாள் வாய் திறக்காத தியானம் உண்டு. ஆனால் அது நாற்பது பேர் சேர்ந்து பேசாமல் இருப்பது. பக்கத்தில் ஒருத்தி மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். சாப்பாட்டு வேளையில் மணி அடிக்கும், ஒருத்தி எழுந்து புனிதர்களின் வரலாறு வாசிப்பாள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார்கள். ராஜமேரி பிறந்ததிலிருந்து ஒரு வேளைகூடத் தனியாகச் சாப்பிட்டதில்லை. மாடியறையில் முதல் வாரம், தான் மெல்லுகிற சத்தம் தனக்கே கேட்டு, பாதியில் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். கல்வி உளவியல் புத்தகத்தை வாளிமேல் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒரு கவளத்துக்கு ஒரு வரியாக வாய்விட்டு வாசித்தாள். கற்றல் கோட்பாடுகள் எல்லாம் அவளுக்கு ரசம் சோற்றோடுதான் மண்டையில் ஏறின.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவாள். பின்னால் தூண் ஓரமாக நிற்பாள். ஒருமுறை அவளுடைய பழைய சபை சிஸ்டர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். அதில் ஒருத்தி அவளோடு சேர்ந்து ஒரே நாளில் அங்கி வாங்கியவள். வாசலில் எதிர்ப்பட்டதும் அவள் முகம் மலர்ந்தது, வாயும் திறந்தது, ஆனால் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றுவிட்டது. கடைசியில், "நல்லா இருக்கீங்களா?" என்றாள். "இருக்கேன்" என்றாள் ராஜமேரி.

காலையில் இரண்டு மணி நேரம் ஒரு டியூஷன் சென்டரில் ஐந்தாறு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததில் வயிற்றுப்பாடு நடந்தது. அதனால்தானோ என்னவோ, வகுப்பெடுப்பது தனக்கு வரும் என்று நம்பியிருந்தாள். இரண்டாம் வருஷம் பயிற்சிக்காகப் பென்னாகரம் சாலையில் இருந்த ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பதினாறு வாரம். அங்கே அவளுக்கு வழிகாட்டி ஆசிரியர் சிவக்குமார். கணக்கு வாத்தியார், வயது முப்பத்தொன்று. தன்னைவிட மூத்த ஒரு பயிற்சி மாணவியை எப்படி நடத்துவது என்று அவருக்கும் கூச்சம். ஒன்பதாம் வகுப்பை அவளிடம் விட்டுவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

ராஜமேரி கரும்பலகையில் அழகாக எழுதினாள். விளக்கத் தொடங்கினாள். இரண்டு நிமிஷத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் எழுந்தது.

"மிஸ், கேக்கலீங்க."

கொஞ்சம் குரலை உயர்த்தினாள். உயர்த்தியதாக நினைத்துக்கொண்டாள். "மிஸ், கேக்கல" என்று நடு வரிசையும் சொன்னது. அதற்கப்புறம் அது விளையாட்டாகிவிட்டது. ஆளுக்கு ஒருமுறை "கேக்கல" என்றார்கள். சந்தைக் கடை ஆயிற்று வகுப்பு. சிவக்குமார் எழுந்து ஓர் அதட்டல் போட்ட பிறகுதான் அடங்கியது.

"மேடம், கணக்குல உங்களக் குறை சொல்ல ஒண்ணும் இல்லீங்க" என்றார் இடைவேளையில். "ஆனா நீங்க பேசறது செபம் பண்ற மாதிரி இருக்கு. அம்பத்திரண்டு புள்ளைங்க. சத்தம் வேணுங்க."

அவருக்கு அவளுடைய கதை எதுவும் தெரியாது. தெரியாமல்தான் சொன்னார். ராஜமேரிக்குச் சுருக்கென்றது. கதவைச் சத்தமில்லாமல் சாத்தவும், நடந்தால் செருப்புச் சத்தம் கேட்காமல் நடக்கவும், அடுத்தவர் காதுக்கு மட்டும் எட்டுகிற மாதிரி பேசவும் பதினேழு வருஷம் பழகியவள் அவள். இருபது வயதில் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டதை இப்போது முப்பத்தெட்டு வயதில் கஷ்டப்பட்டு மறக்க வேண்டும்.

அறையில் கத்த முடியாது, கீழே ராஜாமணி இருக்கிறாள். அதனால் மறுநாளிலிருந்து பள்ளிக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கினாள். அங்கிருந்து ஒரு மண்பாதை, கேழ்வரகு அறுத்த வெற்றுக் காடுகள் வழியாகப் பள்ளிக்குப் போகும். ஆள் நடமாட்டம் இருக்காது. அந்தப் பாதையில் அன்றைக்கு எடுக்கப்போகிற பாடத்தை உரக்கச் சொல்லிக்கொண்டு நடந்தாள். முதலில் தன் குரல் வெளியில் போய்த் திரும்பி வருவதைக் கேட்கவே வெட்கமாக இருந்தது. ஒரு வாரம் ஆயிற்று. ஒருநாள், "ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர்!" என்று அவள் போட்ட போட்டில் வேலிக்கு அந்தப் பக்கம் ஆடுகள் சிதறி ஓடின. தலையில் துண்டு கட்டிய ஒரு ஆள் எழுந்து நின்றார். அவர் பெயர் மாது என்று பின்னால் தெரிந்தது.

"யாருகிட்ட மா சண்ட போடற?"

"சண்ட இல்லீங்க. கணக்குப் பாடம். வகுப்புல சத்தமா சொல்லணுங்க, அதான் பழகறேன்."

மாது சுற்றிலும் பார்த்தார். ஆடுகளைத் தவிர யாரும் இல்லை. "அப்பிடியா" என்றார் யோசனையோடு. "நாலு நாளா எங்க கொட்டாயில பேசிக்கறாங்க, காட்டுல ஒரு பொம்பள கத்திகினே போவுது, புத்தி கெட்டுருச்சு போலன்னு."

"உங்க கொட்டா எங்கீங்க இருக்கு?"

அவர் கையைக் காட்டினார். அரை ஃபர்லாங் தள்ளி, தென்னைகளுக்கு நடுவே ஓர் ஓட்டு வீடு தெரிந்தது.

"அங்க வரைக்கும் கேக்குதுங்களா?"

"நல்லாக் கேக்குது. எங்க மருமவ வெளக்கிட்டிருந்த பாத்திரத்தப் போட்டுட்டு வந்து பாத்தா."

அவ்வளவு சந்தோஷமான செய்தியை ராஜமேரி அந்த இரண்டு வருஷத்தில் கேட்டதில்லை. அதைச் சொல்லிப் பகிர்ந்துகொள்ள ஆள்தான் இல்லை. நடந்து பள்ளிக்கூடம் போனாள், பாடம் எடுத்தாள். கடைசி வரிசை அன்று ஒன்றும் சொல்லவில்லை. சிவக்குமார் நோட்டில் கையெழுத்துப் போடும்போது ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இப்ப சரிங்க" என்றார்.

பயிற்சி முடிகிற வாரத்தில் வெளியிலிருந்து இரண்டு தேர்வாளர்கள் வந்து உட்கார்ந்து ஒரு வகுப்பைப் பார்ப்பார்கள். அதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, காலை இடைவேளையில் பிரகாஷ் போன் பண்ணினான்.

"அக்கா, அப்பா போயிட்டாரு. மோட்டார் போடப் போனவரு வரப்புலயே சாஞ்சுட்டாரு."

மூன்று பஸ் மாறி அவள் கல்லாத்துப்பட்டி போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. ஊர் முனையிலேயே ஃப்ளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். அப்பாவின் படம், பிறந்த தேதி, இறந்த தேதி, அதன் கீழே பெயர்கள். மகன் அந்தோணி பிரகாஷ், மருமகள் ஷைனி. அதற்குக் கீழே, மகள்: அருட்சகோதரி ராஜமேரி.

அவள் அங்கேயே நின்றுவிட்டாள். ஓடி வந்த தம்பி அவள் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தான். "அப்பா பேருக்காகப் போட்டேங்கா" என்றான்.

உள்ளே பெண்கள் பாயில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். வந்தவளைக் கட்டிக்கொண்டு அழுவதுதான் வழக்கம். அவள் வந்ததும் அவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். யாரும் கட்டிக்கொள்ளவில்லை. சிஸ்டராக இருந்தவளைத் தொட்டுப் பழக்கமில்லை, சிஸ்டர் இல்லாதவளை எப்படித் தொடுவது என்று தெரியவில்லை. அப்பாவின் காலருகே சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்து தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றாள்.

மறுநாள் அடக்கப் பூசைக்கு மடத்திலிருந்து வேனில் ஆறு சிஸ்டர்கள் வந்தார்கள். மதர் மரியாதை விட்டுக்கொடுக்காதவர். தங்கள் சபையில் இருந்தவளுடைய தகப்பன் என்ற கணக்கில் அனுப்பியிருந்தார். இறங்கியதும் ஆறு பேரும் பேனரைப் படித்தார்கள். வரிசையாக நின்று பாடினார்கள். இரண்டாம் குரல் எங்கே எடுக்க வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்பதெல்லாம் ராஜமேரிக்கு மனப்பாடம். அந்தக் குரல் அவளுடையதுதான், எத்தனையோ சாவுகளில் பாடியிருக்கிறாள். இப்போது உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அந்த வரிசைக்கும் வீட்டுப் பெண்களுக்கும் நடுவில் பத்தடி இடம் இருந்தது. அங்கேதான் அவள் கல்லறை வரைக்கும் நடந்தாள்.

மண் போட்டு முடிந்ததும் தம்பியைத் தனியாகக் கேட்டாள்.

"அப்பா என்னப் பத்தி ஏதாவது கேட்டாராடா?"

பிரகாஷுக்குப் பொய் சொல்லத் தெரியாது. யோசித்தான். "போன மாசம் ஒரு வாட்டி கேட்டாரு, அவ என்னதான் படிக்கறான்னு. டீச்சருக்குன்னு சொன்னேன். 'பதினேழு வருசம் படிச்சது பத்தலையாமா'ன்னாரு."

அவ்வளவுதான். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவள் பிற்பாடு பல நாள் யோசித்திருக்கிறாள். கோபமா, கேலியா, கேட்கவாவது கேட்டாரே என்பதா? பதில் சொல்லக் கூடியவர் மண்ணுக்குள் போய்விட்டார்.

மூன்றாம் நாள் காலை பள்ளியில் இருந்தாள். விடுப்புக் கடிதத்தில் காரணம் எழுதவில்லையே என்று சிவக்குமார் கேட்டார்.

"அப்பா தவறிட்டாருங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "என்ன மேடம் இது... எப்பங்க?"

"முந்தாநாள்."

"நான் போய்ப் பேசறேன். வேற தேதி கேக்கலாம். இதுக்கு யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க."

"வேண்டாங்க சார்" என்றாள் ராஜமேரி. "திரும்பிப் போனா ரூம்லதான் உக்காந்திருக்கணும். இங்கேயே இருக்கேனே."

அன்று எடுத்த பாடம் வட்டம். மையத்திலிருந்து நாணுக்கு வரையும் செங்குத்து, நாணைச் சரிபாதியாக வெட்டும். வளையல் ஒன்றைக் காகிதத்தில் வைத்து வரையச் சொல்லி, மடித்துப் பார்க்கச் சொல்லி, பிள்ளைகளே கண்டுபிடிக்கும்படி செய்தாள். குரல் கணீரென்று இருந்தது. எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. கேள்வி கேட்டாள், பதில் வந்தது, தப்பான பதிலையும் கரும்பலகையில் எழுதி ஏன் தப்பு என்று அவர்களையே சொல்ல வைத்தாள். நாற்பத்தைந்து நிமிஷம் அவளுக்கு அப்பா இறந்தது ஞாபகம் இல்லை. மணி அடித்தபோது அது ஞாபகம் வந்தது. டஸ்டரைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தேர்வாளர்களில் ஒருவர் புறப்படும்போது கேட்டார், "நீங்க எத்தனை வருஷமா டீச்சரா இருக்கீங்க?"

"இன்னும் ஆகலீங்க" என்றாள்.

ஆவதற்கு அதற்கப்புறமும் ஆறு வருஷம் பிடித்தது. பி.எட். நல்ல வகுப்பில் தேறினாள். ஆனால் அரசுப் பள்ளி ஆசிரியராவதற்குத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். முதல் தடவை மூன்று மதிப்பெண்ணில் போயிற்று. அடுத்த தேர்வு வருவதற்குள் கொரோனா வந்தது. தனியார் பள்ளியில் கிடைத்திருந்த வேலையும் நின்றது. அந்த மாதங்களில் ராஜாமணி தினமும் படிக்கட்டின் அடியில் நின்று, "மேல உசுரோட இருக்கியா?" என்று கேட்பாள். "இருக்கேங்க" என்று மேலிருந்து பதில் போகும். சில நாள் அந்த ஒரு சொல்லைத் தவிர ராஜமேரி வேறு எதுவும் பேசியதில்லை. ராஜாமணி ஒருநாள் சொன்னாள், "யாரும் வரக் கூடாதுன்னு நான் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன் கண்ணு. நெசமாவே ஒருத்தரும் வரலியே."

இரண்டாம் முறை தகுதித் தேர்வில் தேறினாள். பிறகு நியமனத் தேர்வு, பிறகு முடிவுக்குக் காத்திருப்பது, சான்றிதழ் சரிபார்ப்புக்குக் காத்திருப்பது, பட்டியலுக்குக் காத்திருப்பது. கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் கல்யாணம் ஆகி, குழந்தை பெற்று, இந்தப் படிப்பையே மறந்துவிட்டார்கள். நிர்மலா ஓசூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். ராஜமேரிக்கு இதை மறக்கடிக்க வேறு எதுவும் இல்லை. தற்காலிக ஆசிரியராக அரசுப் பள்ளிகளில் இரண்டு வருஷம் ஓட்டினாள். தலையில் நரை விழுந்தது. நாற்பத்து நாலாவது வயதில் கலந்தாய்வுக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது.

கலந்தாய்வில் காலியிடங்களைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் அவளுடைய முகவரியைப் பார்த்துவிட்டு உதவியாகச் சொன்னாள். "மேடம், அரூர் பக்கத்துல ஒண்ணு இருக்குங்க. உங்க சொந்த ஊர்ல இருந்து பத்து கிலோமீட்டர்தான் வரும். எடுத்துக்கிறீங்களா?"

பின்னால் நின்றவர்கள் பொறாமையோடு பார்த்தார்கள். ராஜமேரி திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பத்து கிலோமீட்டர். அந்தப் பள்ளிக்குக் கல்லாத்துப்பட்டிப் பிள்ளைகளும் வரும். பெற்றோர் கூட்டத்துக்கு அந்த ஊர்க்காரர்கள் வருவார்கள். அவர்கள் அவளை என்னவென்று கூப்பிடுவார்கள்?

"அது வேண்டாங்க. பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம், காட்டோரமா ஒண்ணு காட்டுச்சே, அதப் போடுங்க."

"அங்க பஸ்ஸு நாளைக்கு நாலு தடவதாங்க."

"பரவால்ல. போடுங்க."

அந்த ஊரில் பாதி வீடுகளில் கன்னடம்தான் பேச்சு. தலைமையாசிரியர் நஞ்சப்பன் முதல் நாள் அவளுக்கு ஒரு படிவம் கொடுத்தார். பெயர், கல்வித்தகுதி, பதவி எல்லாம் எழுதினாள். பட்டதாரி ஆசிரியர், கணிதம் என்பதை நிறுத்தி நிதானமாக எழுதினாள். கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது. அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர். பிரகாஷின் எண்ணை எழுதலாம். எழுதினால், ஏதாவது ஆனால் அவன் வருவான், சாமானை இறக்கித் தந்த மாதிரி. நெடுநேரம் யோசித்து ராஜாமணியின் எண்ணை எழுதினாள். உறவுமுறை என்ற இடத்தில் "தெரிந்தவர்" என்று போட்டாள். மத்தியானம் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னாள்.

"எதுக்கு என் நம்பரு?"

"எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரையாவது கூப்புடணுமில்லீங்க."

மறுமுனையில் எருமை கத்துகிற சத்தம் கேட்டது. "சரி, குடுத்துக்க" என்றாள் ராஜாமணி. "ஆனா எனக்கே எழுவது ஆவுது. எனக்கு ஏதாச்சும் ஆனா நீ வருவியா?"

"வருவேங்க."

இப்போது அவள் அங்கேதான் இருக்கிறாள். மற்ற ஆசிரியர்கள் எல்லாம் சாயங்கால பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவார்கள். அவள் மட்டும் ஊருக்குள் ஓர் ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கிறாள். ஐந்து மணிக்கு மேல் அந்த ஊரில் அவளோடு தமிழில் நிறையப் பேசுகிறவர்கள் இல்லை. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பெண்கள் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். கன்னடத்தில் எண்ணக் கற்றுக்கொண்டிருக்கிறாள், ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு யாரோடு எவ்வளவு நேரம் பேசிவிட முடியும்? இருட்டும் முன்னால் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் பாடத்தைத் தயார் பண்ணுவாள். ஞாயிற்றுக்கிழமை பென்னாகரம் போனால் போவாள், பஸ் தவறினால் வீட்டிலேயே செபமாலை சொல்லிக்கொள்வாள். இப்போதெல்லாம் வாய் சொல்வதை மனசும் கொஞ்சம் சொல்லுகிறது என்று அவளுக்குத் தோன்றுவதுண்டு. யாரிடமும் சொன்னதில்லை.

போன வாரம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் நோட்டைக் கொண்டு வந்து நீட்டிக்கொண்டே கேட்டாள், "மிஸ், உங்க வூட்ல யாரு யாரு இருக்காங்க?"

"நான் இருக்கேன்."

அந்தப் பெண் மற்ற பெயர்களுக்காகக் காத்திருந்தாள். "அப்பறம்?"

"அப்பறம் அஞ்சாவது கணக்கு" என்றாள் ராஜமேரி. "குறி தப்பாப் போட்டிருக்க பாரு. போய் மறுபடியும் போட்டுட்டு வா."